தாயம் ஆடிய ஆசிரியைகளும் புதன்கிழமையின் ஒரு மணி நேரமும்

வகுப்பில் புதிதாக ஏதாவது செய்து பார்க்க ஆசிரியருக்கு நேரம் எங்கே இருக்கிறது? செய்தியாளராக இருந்த காலம் முழுவதும் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் அதற்கென்றே வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் பெற்றோர் கூட்டத்தில் அது நின்றுபோகலாம் என்று தெரியவந்தது. ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு புதன்கிழமை கிளம்பினேன்.

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் சுமார் முப்பது கிலோமீட்டர். பேருந்தில் வந்து இறங்கி, பள்ளி வரை ஆட்டோ பேசினேன். ஆறு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்டம் மூன்று மணிக்கு என்று பதறினேன்.

"இந்த கேட்டு போட்டா பொண்ணு பாத்துட்டே வந்துடலாம் சார்," என்றார் ஓட்டுநர். "ஆமா, டீச்சருங்க தாயம் ஆடுற ஸ்கூலுதான?"

செய்தி நீடாமங்கலம் வரை வந்திருந்தது.

ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியைகள். தலைமை ஆசிரியை ஸ்டெல்லா விளக்கினார். புதன்கிழமை கடைசி ஒரு மணி நேரம் பிள்ளைகள் வராந்தாவில் படம் வரைவார்கள். சத்துணவு அமைப்பாளர் பார்த்துக்கொள்வார். இவர்கள் இருவரும் உள்ளே அமர்ந்து அடுத்த வாரப் பாடத்தை முதலில் தாங்களே செய்து பார்ப்பார்கள். கடன் வாங்கிக் கழிப்பதில் மூன்றாம் வகுப்பு திணறியதால், தாயக்கட்டையில் விழும் எண்ணுக்குப் புளியங்கொட்டை கொடுக்கும் ஓர் ஆட்டத்தை உருவாக்கியிருந்தார்கள். சில்லறைக் கொட்டை தீர்ந்தால் பத்துக் கொட்டை முடிச்சு ஒன்றை அவிழ்க்க வேண்டும். அதை ஆடிப் பார்த்தபோதுதான் யாரோ ஜன்னல் வழியே பார்த்துவிட்டார்கள்.

கூட்டத்தில் முருகையன் என்ற விவசாயி முதலில் எழுந்தார். "புள்ளைங்கள வெளியில உட்டுட்டு தாயம் ஆடுனா எப்புடிங்க?"

"ஆடுனது உண்மைதாங்க," என்று ஸ்டெல்லா துணியில் வரைந்த தாயக் கட்டத்தை விரித்து ஆடிக் காட்டினார். சிரிப்பு எழுந்தது. முருகையன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. ஒத்த ஆளு நாப்பது புள்ளைய பாக்க முடியுமா? போன வாரம் எம் பொண்ணு வாய்க்கா வரைக்கும் போயிட்டா டீச்சர். தண்ணி ரெண்டு கரையும் தொட்டு ஓடுது."

"எங்க தப்புதாங்க. நிறுத்திடுறோம்," என்று ஸ்டெல்லா கட்டத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

"யாரு நிறுத்தச் சொன்னா?" என்றார் பெற்றோர் குழுத் தலைவி செல்வி. அவருடைய அப்பா பண்ணைக் கூலி. இவர் சொந்த நிலத்தில் சம்பா நட்டிருக்கிறார். "எங்கப்பால்லாம் கூலியோட சேத்து, உக்காந்து சோறு திங்க நேரமும் கேட்டுத்தான் கொடி புடிச்சாங்க. 'ஒனக்கு எதுக்குடா நேரம்'னு பண்ணையில கேட்டாங்க. அதையே நாம டீச்சர கேக்குறதா? வாய்க்கா வெட்டுக்கு வீட்டுக்கு ஒரு ஆளு வரல? அது மாதிரி புதங்கிழம மொற வச்சு ரெண்டு பேரு வருவோம்."

"நடவு நேரத்துல எப்புடிக்கா?" என்றார் முருகையன்.

"வெட்டுக்கு வர முடியாட்டி என்ன பண்ணுவ?"

"மாத்தாளு அனுப்புவேன்."

"அனுப்பு. ஒம் பொண்டாட்டிய அனுப்பாத, அவ ஏற்கெனவே ரெண்டாளு வேல பாக்குறா."

முருகையனும் சிரித்துவிட்டார். முதல் புதன்கிழமை முறை அவருக்கே விழுந்தது. ஸ்டெல்லா கட்டத்தை மறுபடி விரித்து வைத்துவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

இப்படியொரு பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ரயில்வே கேட்டுக்கென்று அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளியில் தொடங்குவதாக இருந்தால், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நேரம் ஒதுக்குவது அதற்குப் பிறகு.

நான் கிளம்பும்போது முருகையன் தயங்கியபடி ஸ்டெல்லாவிடம் வந்தார்.

"வர்ற புதன் நான் வந்துடுறேன் டீச்சர். நாப்பது புள்ளைங்கள வச்சிக்கிட்டு ஒரு மணி நேரம் என்ன பண்றது?"

"அத யோசிக்கத்தாங்க," என்றார் ஸ்டெல்லா, "நாங்களும் ஒரு மணி நேரம் கேட்டோம்."