எட்டாம் நம்பர் டோக்கன்

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எட்டு சனியின் எண் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அப்படிப்பட்டவன் கம்ப்யூட்டர் பாடம் சொல்ல வந்திருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள்.

சிங்கப்பூரில், தேக்காவிலிருந்து ஜாலான் புசார் போகும் வழியில் எனக்கு ஒரு முடிவெட்டும் கடை இருக்கிறது. இரண்டு நாற்காலிகள். ஒன்று எனக்கு, மற்றது என் மைத்துனருக்கு. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைக் கொண்டுவருவார்கள். "நான்தான் அண்ணே மொதல்ல வந்தேன்" என்று சொல்லாத தலை கிடையாது.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள் இதற்கு ஒரு புரோகிராம் எழுதினாள். வருகிறவர் டோக்கன் எடுக்க வேண்டும். யார் முறை என்பது சுவரிலுள்ள டிவியில் தெரியும். என் கைப்பேசியில் ஒரு கட்டம் இருக்கும். அதில் எந்த எண்ணைத் தட்டினாலும் டிவியில் அதுவே வரும். இதுதான் அவளுக்குப் பரீட்சையும்கூட. ஒரு ஞாயிறு அவளுடைய ஆசிரியர் கடைக்கே வந்து பார்த்து மார்க் போடுவார். தேறாவிட்டால் அந்தப் பாடத்தை முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டும்.

ஆசிரியர் சீனர். நான் ஒரு தலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து, தானே ஒரு டோக்கன் எடுத்து உட்கார்ந்திருக்கிறார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு முடிந்தது. வழக்கம்போல ஒன்பதைத் தட்டினேன்.

வழக்கம்போல என்றேன் அல்லவா? எங்கள் கடையில் எட்டு கிடையாது. நம் ஆட்களுக்கு எட்டு வந்தால் கசக்கிப் போட்டுவிட்டு ஒன்பதை எடுத்துக்கொள்வார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சீனர்களுக்கு எட்டு என்றால் உயிர். ஆசிரியர் அந்தச் சீட்டைப் பரிசு விழுந்தவர் மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது போனது, பத்து போனது. அவர் சிரிப்பும் மெல்லப் போனது.

மகள் என் காதருகே வந்தாள். "அப்பா, எட்டு எங்கப்பா?"

"எட்டு எதுக்கும்மா நமக்கு?"

"சார் கையில இருக்குப்பா."

மைத்துனர் கத்தரியை நிறுத்தாமலே சொன்னார்: "மச்சான், சனி நேர்லயே வந்து உக்காந்திருக்கு." நல்லவேளை, ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது.

மகள் கலங்கிய முகத்தோடு ஆங்கிலத்தில் விளக்கினாள். அவர் கேட்டுவிட்டுச் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னாள்: அப்பா மாற்றியது தப்பில்லை, அப்பாவால் மாற்ற முடிந்ததுதான் தப்பு. தனக்கு முடிவெட்டி முடிவதற்குள் அதைச் சரிசெய்தால் மார்க் உண்டு.

வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் தலையைப் பார்த்தேன். காதோரம் நாலு முடி, நடுவில் மைதானம். இதை எவ்வளவு நேரம் வெட்டுவது?

மகள் மூலையில் லேப்டாப்பைத் தட்ட ஆரம்பித்தாள். நான் ஒவ்வொரு முடியாகத் தேடிப்பிடித்து வெட்டினேன். சீப்பைக் கழுவினேன். தேவையில்லாமல் பவுடர் போட்டேன். தலையைப் பிடித்துவிட்டேன், கழுத்தைப் பிடித்துவிட்டேன்.

"மச்சான், இல்லாத முடிய எவ்ளோ நேரம்தான் வெட்டுவீங்க?"

"நீ ஒன் தலையப் பாரு."

ஆசிரியர் கண்ணை மூடி, "வெரி குட் லா அங்கிள்" என்றார். பாதித் தூக்கம்.

"முடிஞ்சுதுப்பா" என்றாள் மகள். "டிவியில வர்ற நம்பர் பப்ளிக்கா இருந்துச்சு. யார் வேணும்னாலும் தொடலாம். இப்ப பிரைவேட் ஆக்கிட்டேன்."

"எங்கிட்டேர்ந்தேவா?"

"உங்ககிட்டேர்ந்துதான்."

எனக்கு அவள் சொன்ன விதம் இது. புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டு இரும்பு கேட்டுக்கு வெளியே நின்று பக்கத்து வீட்டுக்காரர் கருவேப்பிலை கேட்பார். நாங்கள் எடுத்துக் கொடுப்போம். அவரே உள்ளே வந்து ஃபிரிட்ஜைத் திறக்க மாட்டார். டோக்கன் எண்ணும் அப்படித்தான். டிவியில் எல்லாரும் பார்க்கலாம். மாற்ற வேண்டுமானால் கேட்டில் நின்று கேட்க வேண்டும்; உள்ளே இருக்கிற புரோகிராம்தான் எடுத்து மாற்றும்.

என் கைப்பேசியில் கட்டம் காணோம். 'அடுத்து' என்று ஒரே பொத்தான். ஆசிரியர் என்னிடம் ஓர் எண்ணைத் தாண்டிப் போகச் சொன்னார். அழுத்தினேன், தேய்த்தேன், குலுக்கினேன். ஒவ்வொன்றாகத்தான் நகர்ந்தது. அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டே மகளிடம் "ஓகே, பாஸ்" என்றார்.

அன்றைக்கே பதினேழு வந்தது. ஒன்றும் ஏழும் எட்டு. அதை எடுத்தவன் கசக்கிப் போட்டுவிட்டுப் பதினெட்டை எடுத்திருந்தான். ஆளே இல்லாத எண்ணைக் காற்றில் கூப்பிட்டுவிட்டு, 'அடுத்து' அழுத்தினேன். மைத்துனர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்பாவுக்கு மட்டும் ஒரு வழி வையேன்மா" என்று மகளிடம் கெஞ்சினேன்.

"புரொடெக்டட்னு ஒண்ணு இருக்குப்பா. புரோகிராம்லயும் அப்பா, புள்ளைங்கன்னு உண்டு. ஆனா அதுல அப்பாவோடத புள்ளைங்க தொடலாம். புள்ளைங்களோடத அப்பா தொட முடியாது."

இதற்குப் படிக்க வேண்டுமா? எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தானே.