சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்

சமயநல்லூரில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த வருடமே ஒரு நாட்டு நாய் வந்து ஒட்டிக்கொண்டது. கூடவே உண்ணிகளும். எனக்கு எதையும் நோண்டிப் பார்க்கிற புத்தி. அதன் காதிலிருந்து பிடுங்கிய உண்ணிகளை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மகளின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பேன். பெரியதற்கு எட்டுக் கால். மணல்போல ஊரும் குஞ்சுக்கு ஆறுதான். மீதி இரண்டும் எப்போது முளைக்கும் என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். அந்தப் பாட்டிலோடு என்னைக் கண்டால் மனைவி சமையலறைப் பக்கமே விடமாட்டாள்.

கால்நடை மருத்துவர் உண்ணி சாக நாயின் பிடரியில் விடச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் விட்டு வந்ததும் விடுவேன். அப்படியும் உண்ணி குறையவில்லை. மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைகூடப் போட்டேன்.

ஆவணியில் ஒருநாள் நாய் சோற்றைத் தொடவில்லை. கறி எலும்பை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. பயந்துபோய், அப்பா மடியில் அதைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவர் உண்ணிக் காய்ச்சல் என்றார். பிழைக்குமா என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியுமாம்.

"மாசாமாசம் மருந்து விட்டுட்டுத்தானே இருக்கேன்?" என்றேன்.

"எப்பக் குளிப்பாட்டுவீங்க?"

அப்பா பெருமையாகச் சொன்னார்: "வாரம் தவறாம சனிக்கிழமை. நல்லெண்ணெய் தேச்சு, சீயக்காய் போட்டு. ஆம்பளப் புள்ளைல்ல, சனிக்கிழமைதான?"

மருத்துவர் பேனாவை மூடிவைத்தார். அந்த மருந்து தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையில்தான் பரவி நிற்குமாம். முன்னும் பின்னும் இரண்டு நாள் தண்ணீரே படக்கூடாதாம். "நீங்க விட்டதை ஐயா மறுநாளே கழுவிட்டாரு."

அப்பா எண்ணெய் தேய்க்க, தண்ணீர் மொண்டு ஊற்றியவன் நான்தான். உண்ணியின் காலை எண்ணிய எனக்கு, வெள்ளிக்கு மறுநாள் சனி என்பது உறைக்கவில்லை. அவமானமாக இருந்தது.

மூன்றாம் நாள், "அம்புட்டுத் தயிர்சோத்தையும் தின்னுட்டாண்டா!" என்று அப்பா போனில் கத்தினார். அலுவலகத்தில் அழுதேவிட்டேன்.

ஒரு மாதம் மாத்திரை கொடுத்தோம். உண்ணி முட்டையிடும் சுவர் விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடைத்தோம். நாய்க்குக் குளியல் இப்போது மருத்துவர் சொன்ன நாளில்தான், எண்ணெய் கிடையாது. அதற்கு எங்கே புரிகிறது? சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணச் சத்தம் கேட்டால் கொல்லைக் குழாயடியில் போய் நின்றுகொள்கிறது. அதனால் அப்பா குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தன் தலைக்கு எண்ணெய் தேய்க்கிறார். அது கதவடியில் மூக்கை வைத்து முனகும். "போடா, ஒனக்கு இன்னைக்கு லீவு" என்பார் உள்ளேயிருந்து.

போன சனிக்கிழமை முனகல் நிற்கவே இல்லை. கதவு திறந்தது. நெற்றியில் எண்ணெய் வழிய அப்பா வெளியே வந்து, கையைத் துண்டில் துடைத்தார். முகர்ந்து பார்த்தார். மறுபடியும் அழுத்தித் துடைத்துவிட்டு, அதன் தலையில் கை வைத்தார்.