கசெற்றின் மிச்சத்தில் வந்தவர்கள்

கனடாவில், அண்ணை வீட்டுக்குக் கிட்டவுள்ள அஜக்ஸ் நிலையத்தில் நாங்கள் மூவரும் ரயிலுக்காக நின்றபோது மாலை நாலு மணி. குகன் அண்ணை, அவர் மனைவி வதனி மச்சாள், நான். போகவேண்டிய திறந்தவெளி அரங்கு ரொறன்ரோவின் ஏரிக்கரையில், ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். மச்சாளின் தோளில் கனமான துணிப்பை. உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை, வாசனையே சொல்லிவிட்டது.

கொழும்பு வெள்ளவத்தையில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் என்னைப்போல ஒருத்தி, ஆங்கில றொக் குழுவொன்றைப் பார்க்கக் கனடாவரை போவதா என்று கடைக்கு வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அண்ணை அகதியாக இங்கே வந்து, ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறையில் பலரோடு நெருக்கியடித்து இருந்த காலத்தில், தன் குரலைக் கசெற்றில் பதிந்து வீட்டுக்கு அனுப்புவார். "அம்மா, நான் சுகமா இருக்கிறன்" என்று தொடங்குவார். குளிர், சமையல், வேலை என்று கொஞ்ச நேரம் கதை. மிச்ச இடம் முழுக்க இந்தக் குழுவின் பாட்டு.

வட இங்கிலாந்துப் பையன்கள். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிற்றார் வாசித்தவர்கள், பிறகு மின் மேளத்தையும் கீபோர்டையும் சேர்த்து நடன மண்டபத்துக்குள் புகுந்தார்கள். சோகம் அப்படியே இருந்தது, கால் மட்டும் ஆடத் தொடங்கியது. பாட்டு வந்ததும் அம்மா, "பெடியன் சந்தோஷமாத்தான் இருக்கிறான்" என்று எழும்பிப் போய்விடுவா. மிச்சம் என்னுடையது.

அவர்களை அண்ணையின் பக்கத்தில் நின்று கேட்கவேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதனால் கொழும்பிலிருந்தே மூன்று ரிக்கற் வாங்கியிருந்தேன். அண்ணையோ, "உந்தப் பாட்டெல்லாம் விட்டுக் கனகாலம். நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ" என்று இரண்டு நாளாக நழுவினார். மச்சாள் அதட்டித்தான் ரயிலேற்றினா.

எக்ஸிபிஷன் நிலையத்தில் இறங்கி ஏரிப் பக்கமாக நடந்தோம். கோடை வெயில் இன்னும் முழுதாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் நரைத்த தலைகள், கறுப்பு ரீசேட்டுகள். வாசலில் காவலர் மச்சாளின் பையைத் திறந்தார். மட்டன் ரோல்ஸ், கட்லற், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி. கோயில் திருவிழாவுக்குப் போனாலும் றொக் கச்சேரிக்குப் போனாலும் எங்கள் ஆட்களுக்குப் புறப்பாடு ஒன்றுதான். வெளிச்சாப்பாடு உள்ளே வராது என்றார் அவர்.

அண்ணையின் முகம் தெளிந்ததை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. "நான் உந்தப் பையை வச்சுக்கொண்டு வெளியில நிக்கிறன். இஞ்சயும் சத்தம் கேக்கும்தானே."

"அதுக்கோ நான் கொழும்பில இருந்து வந்தனான்?" என்று கேட்டேன்.

சாப்பாட்டை எறியலாம் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் துணிவில்லை. மச்சாள் விடிய எழும்பிப் பொரித்தவை.

மச்சாள் எங்களை ஒரு பார்வை பார்த்தா. பிறகு திரும்பி, வரிசையில் பின்னால் நின்ற கறுப்பு ரீசேட்டுக்காரரிடம் பொதியை நீட்டினா. "எடுங்கோ, எடுங்கோ. வெரி குட். கொஞ்சம்தான் ஸ்பைசி."

கொஞ்சமில்லை. அவருக்கு நெற்றி வியர்த்தது, ஆனாலும் இரண்டாவதையும் எடுத்தார். பொதி கைமாறிக் கைமாறி வரிசையின் கடைசிவரை போனது. முன்பின் தெரியாத ஒரு பெண் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மச்சாளைக் கட்டிப்பிடித்தா. கடைசிக் கட்லற் காவலருக்கு. அவர் வெறும் பிளாஸ்க்கை வாங்கித் தன் மேசைக்குக் கீழே வைத்தார், போகும்போது எடுக்கச் சொல்லி. அண்ணைக்கு வெளியே நிற்க இனி ஒரு சாட்டும் இல்லை.

உள்ளே பாஸ் கிற்றார் தொடங்கியது. இந்தக் குழுவில் பாடகனைவிட அதுதான் பாடும். அண்ணை கைகட்டி நின்றார். மூன்றாவது பாட்டில் கை அவிழ்ந்தது. அதற்குப் பிறகு ஒரு சொல் தவறாமல் பாடினார். அறுபது வயது மனிதர், கண்ணை மூடிக்கொண்டு, முழங்கால் நோவையும் மறந்து துள்ளினார். மச்சாள் வாயைப் பொத்திச் சிரித்தா. "இஞ்சாருங்கோ, உது எப்ப பழகினது?" நான் அழுதேன். இவ்வளவு நன்றி என் உடம்பில் இருந்ததென்று எனக்கே தெரியாது.

மறுநாள் அண்ணையின் காரில் 401 நெடுஞ்சாலையில் விமான நிலையத்துக்கு. என் மடியில் மச்சாள் கட்டித் தந்த புதுப் பொதி. இறங்கும் இடத்தில் கேட்டேன்: "ஏன் அண்ணை ஒவ்வொரு கசெற்றிலயும் அந்தப் பாட்டு?"

அவர் ஸ்ரியறிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சொல்ல ஒண்டும் இருக்கேல்லை. இருந்ததைச் சொன்னா நீங்கள் தாங்கமாட்டியள். கசெற் வெறுமையா ஓடினா அம்மா பயந்திடுவா. அதுதான் உவங்களைப் பாட விட்டன்."

"அம்மா கடைசிவரைக்கும் பயப்பிடேல்லை, அண்ணை."

அவர் தலையாட்டினார். பிறகு இறங்கிப் போய் என் பெட்டியைத் தூக்கினார்.