ரின்பால் பேணிகள்

ஹை ஸ்ட்ரீட் நோர்த் வழியே நடந்துகொண்டிருந்தேன். தோளில் என் பை. சற்று முன்னால் அவள். இருவரும் அப்போதுதான் ஒரே சாப்பாட்டுக் கடையை விட்டு வெளியேறியிருந்தோம். நான் அங்கே தேநீர் போட்டவன், அவள் கோப்பை கழுவியவள். அமெரிக்காவின் ஷானி இனத்தவள். ஒரு வெள்ளைக்காரனைக் கட்டி ஒக்லஹோமாவிலிருந்து இலண்டனுக்கு வந்து, அவன் விட்டுப் போனபிறகு எங்கள் கடையில் வந்து சேர்ந்தவள்.

அவளுடைய முன்னோர் ஒகையோ ஆற்றுப் பக்கம் சோளம் விளைவித்து வாழ்ந்தவர்கள். அவர்களை வெள்ளைக்காரர் கான்சஸுக்குத் துரத்தினார்கள். பிறகு அந்தக் காணியும் தேவைப்பட, ஒக்லஹோமாவுக்கு. நான் ஊரில் ஆமிக்குப் பயந்து ஓடி, பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் இந்தப் பாடத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நாங்கள் எல்லாரும் செத்துவிட்டோம் என்று இங்கே நினைக்கிறார்கள்," என்று சிரிப்பாள். "ஊரில் என் காரின் நம்பர் பிளேட் எங்கள் இனத்தின் சொந்த அரசு தந்தது. எங்களுக்குக் கிளினிக் இருக்கிறது. மொழி வகுப்பும் இருக்கிறது, என் மாமி அதில் போய்த் தூங்குவாள்."

வசந்தத்தில் அங்கே ரொட்டி நடனம் என்ற சடங்கு நடக்கும். இரவில் நெருப்பைச் சுற்றி ஆண்கள் பாட, பெண்கள் காலில் கட்டிய கிலுக்குகளால் தாளம் போடுவார்கள். முன்பெல்லாம் ஆமை ஓடு. இப்போது பலருக்குக் கல் போட்ட பால் பேணி, வெறும் தகர டின். அந்தச் சத்தம் இல்லாமல் பாட்டு இல்லை. தாளம் போட்டுவந்த மாமிக்கு முழங்கால் போய்விட்டது. அவளுடைய இடத்தில் தான் ஆடுவதாக இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை விமானம்.

மூடி கழன்ற பேணி அதற்கு உதவாது, கல் கொட்டிவிடும். நானோ ஊர்ப் பழக்கத்தில் ரின்பால் பேணியைக் கத்தி முனையால் இரண்டு துளை போட்டுத்தான் ஊற்றுவேன். முதன்முதல் அதைக் கண்டதும் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"எறியாதே."

மாரிகாலம் முழுவதும் கழுவிக் காயவைத்தாள். ஒரு காலுக்குத் தோலில் தைத்து முடித்து அறையில் வைத்திருந்தாள். மற்றக் காலுக்கு உரிய பேணிகள் கடையில் பொயிலருக்குப் பின்னால் அடுக்கியிருந்தன. அன்று முதலாளி அவற்றைக் கண்டுவிட்டார்.

"உதென்ன குப்பை? கவுன்சில்காரன் கண்டால் கடையைப் பூட்டிப்போடுவான்."

"அண்ணை, அது அவவுக்குக் கோயில் சாமான் மாதிரி. சனிக்கிழமை கொண்டு போயிடுவா."

"பால் பேணியிலயோ கோயில்? விசரோடா உனக்கு?"

நிலத்தில் கொட்டி ஒவ்வொன்றாக மிதித்தார். அவள் கையில் சவர்க்கார நுரையோடு நின்று பார்த்தாள். எங்கள் கோயிலுக்குள் ஆமிக்காரன் சப்பாத்துக் காலோடு ஏறினான் என்று வருடா வருடம் நினைவுநாளில் மண்டப மேடையில் அழுகிற மனிதர் இவர். நானும் பின்வரிசையிலிருந்து கைதட்டியிருக்கிறேன்.

"மைக்கைப் பிடிச்சால்தானோ அண்ணை உங்களுக்குக் கண்ணீர் வரும்?" என்று கேட்டேன்.

"வெளியில போடா நாயே."

அவள் கையைத் துடைத்து, ஏப்ரனைக் கொளுவிவிட்டு, எனக்கு முன்னாலேயே வெளியேறிவிட்டாள்.

ஸ்டேஷன் வாசலில் எட்டிப் பிடித்தேன். "வேறு பேணி தேடித் தாறேன்," என்றேன்.

"எங்கே? முதலாளி மொத்தமாக எடுப்பிக்கிற பேணி வெளியில் கிடையாது, கடைகளில் எல்லாம் இழுத்துத் திறக்கிற மூடிதான். துளை போட்டாலும் மூடி கழன்றுவிடும்." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "பரவாயில்லை, ஒற்றைக் காலில் குதிக்கிறேன். மாமி சிரித்தே சாவாள்."

அவள் சிரிக்கவில்லை. படியிறங்கிப் போனாள்.

மறுநாள் காலை வேலை தேடித் தரும் ஏஜென்சியில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று ஹோட்டலில் அறை துப்புரவாக்குவது, சாப்பாடும் தருவார்கள். மற்றது குப்பை பிரிக்கும் இடத்தில், குப்பை ஓடிவரும் பெல்டில் நிற்பது. பெல்டைக் கேட்டு வாங்கினேன். கையுறை தந்து, பேணிகள் வரும் பக்கத்தில் நிறுத்தினார்கள். பீன்ஸ், மீன், நாய்ச் சாப்பாடு, பால். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். மூடியோடு ஒன்றுகூட வரவில்லை.