தலையாட்டிக்கொண்டே தீவைச் சுற்றியவர்

என் வீட்டுக்காரர் ஜெபராஜ் வாயைத் திறந்தால் சாத்தான்குளம், கையைத் தூக்கினால் ஓசூர். இளவயதில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தவர். அன்றிலிருந்து இரும்புத் தகடுதான் அவருக்குச் சோறு. பிரஸ் இறங்கி தகட்டை அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் அலறினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கைதான். பெருவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. உச்சந்தலையில் தட்டினால் சூப்பர்வைசர் வருகிறார். நெஞ்சில் முஷ்டியை வைத்துக் காட்டினால் பெரிய பிரஸ் ஓடப்போகிறது, தள்ளி நில். கன்னடக்காரர், தெலுங்குக்காரர், நம்மவர் எல்லாருக்கும் அங்கே அது ஒன்றுதான் பாஷை. கல்யாணமான புதிதில் எனக்கும் கற்றுக்கொடுத்தார். கிருஷ்ணகிரி மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகளான நான், சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதே 'போகும்போது மீன் வாங்கணும்' என்று கையால் சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

அந்தச் சத்தம் மெல்ல மெல்ல அவர் காதைத் தின்றுவிட்டது. காதில் வைக்க அடைப்பான் கொடுக்கத்தான் செய்தார்கள். இவர் அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். காதை அடைத்தால் மிஷின் பேசுவது கேட்காதாம். இப்போது மிஷின் பேசுவதும் கேட்கவில்லை, நான் பேசுவதும் கேட்கவில்லை. முகத்துக்கு நேராக நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவார், கில்லாடி. கொஞ்சம் திரும்பிக்கொண்டால் போச்சு. ஆனால் ஒத்துக்கொள்வாரா? ஓசூரில் காது கேட்காததற்கு எப்போதும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். லாரி போச்சு, மிக்ஸி ஓடிச்சு, பக்கத்து வீட்டில் டிவி. ஊரே அவருக்கு ஒத்தாசை செய்தது.

ஒத்தாசை செய்யாதது போன் மட்டும்தான். போனில் உதடு ஏது?

எங்கள் ஒரே மகள் லிபியா நர்சிங் முடித்ததும் ஸ்காட்லாந்தில் ஓபன் என்கிற கடலோர ஊருக்கு வேலைக்குப் போனாள். அவள் போவதில் இவருக்குச் சம்மதமில்லை. "ஓசூர்ல ஆஸ்பத்திரியே இல்லயா?" என்று கேட்டுவிட்டு விமான நிலையத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அழுததை மறைக்கத்தான் திரும்பினார், அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போன் வரும். இவர் ரிசீவரை வாங்கி, "நல்லாருக்கியா? சாப்டியா? சரி சரி" என்று சொல்லி, சுடுகிற தோசைக்கல்லைத் தொட்டவர் மாதிரி என் கையில் கொடுத்துவிடுவார். நான் எல்லாவற்றையும் கேட்டு, போனை வைத்தபிறகு அவர் முகத்துக்கு நேரே நின்று ஒன்றுவிடாமல் ஒப்பிக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லுவார், சினிமாக் கதை கேட்பது போல. மகளிடம் மட்டும் காது விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தார். தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாளாம்.

நடந்தது நேர்மாறு. அப்பாவுக்குத் தன்மேல் கோபம் தீரவில்லை என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். லீவு கிடைத்தும் ஊருக்கு வரவில்லை. "அப்பாவுக்கு ரெண்டு வார்த்த பேசவே புடிக்கல. நான் வந்து அந்த வீட்ல யார் மூஞ்சியப் பாக்கறது?" என்று கேட்டாள். கடைசியில், இரண்டாயிரத்து ஏழில், "நீ வாம்மா. அப்பாவுக்கு இஷ்டம் இருந்தா வரட்டும்" என்று இரண்டு டிக்கெட் அனுப்பினாள். இவர் கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு முதல் ஆளாகப் பெட்டியைக் கட்டினார். எனக்கு ஒரே எண்ணம்தான்: திரும்புவதற்குள் இந்த அப்பனும் மகளும் பேசிவிட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெண் இனி ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

போன நாளிலிருந்து அவளுக்கு டியூட்டி. கிடைத்த நேரத்தில் நான்தான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சமாளித்தேன். சனிக்கிழமை லீவு போட்டு, காரைக் கப்பலில் ஏற்றி எதிரே இருக்கும் மல் தீவைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றாள். கப்பல் ஏறுமிடத்தில் ஒரு சிடி வாங்கினாள். தீவைப் பற்றிச் சொல்லுகிற சிடியாம். அங்கே ஒரு கோட்டை வந்தால் இன்ன பாட்டு எண்ணைப் போடு, இங்கே ஒரு வளைவு வந்தால் அடுத்ததைப் போடு என்று அட்டையில் படம் போட்டிருந்தது. போட்டால் ஒரு தாத்தா கரகரத்த குரலில் கதை சொல்லுகிறார். கைடு நமக்குப் பக்கத்தில் உட்காராமல் பாட்டுப்பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது எனக்குப் புதுமையாக இருந்தது. சாப்பாடு கேட்க மாட்டார், கடைக்குக் கூட்டிப்போய்க் கமிஷன் அடிக்க மாட்டார்.

"அப்பா முன்னாடி உக்காரட்டும், அவர் நல்லா பாக்கணும்" என்றாள் லிபியா. முன் சீட்டில் உட்கார்ந்தால் இவர் பார்வை ரோட்டில் இருக்கும், அவள் பார்வையும் ரோட்டில் இருக்கும். உதடு தெரியாது. பின்னால் இருக்கும் நான் கையை ஆட்டியும் பயனில்லை. "அவருக்குப் பின்னாடிதான் சௌகரியம்" என்று சொல்லிப் பார்த்தேன். இவரோ ராஜா மாதிரி முன்னால் ஏறி பெல்ட்டை மாட்டிவிட்டார்.

நல்ல தீவு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் துணி காயப்போடும் கயிறு போல ஒரு ரோடு. கண்ணை மறைக்கும் நீள மயிரோடு மாடுகள். ரோட்டிலேயே படுத்திருக்கும் ஆட்டுக்குட்டிகள். சிடித் தாத்தா, இந்தச் சரிவில் ஒரு காலத்தில் ஊர் இருந்தது, ஆடு வளர்ப்பதற்காக நிலத்துக்காரர்கள் ஜனங்களை விரட்டிவிட்டார்கள் என்று சொன்னார். லிபியா எங்களுக்காகத் தமிழில் திரும்பச் சொன்னாள். இவர் உட்கார்ந்த இடத்தில் சிரித்த முகமாகத் தலையாட்டினார். "நல்ல காரியம், நல்ல காரியம்" என்றார். லிபியா ஒரு மாதிரி பார்த்தாள். "ஆடு வளக்கறதச் சொல்றார்" என்று நான் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்தேன்.

வினை எதிரே வந்த ஒரு காரால் வந்தது. அந்த ரோட்டில் ஒரு வண்டிதான் போக முடியும். அங்கங்கே ஒதுங்குவதற்குக் கொஞ்சம் அகலமாக விட்டிருக்கிறார்கள். எதிரே வந்தவன் அப்படி ஓரிடத்தில் ஒதுங்கி, லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தான். நம் ஊரில் எதிரே வருகிற லாரிக்காரன் அப்படி லைட் அடித்தால் 'நான் வரேன், நீ ஒதுங்கு' என்று அர்த்தம். ராயக்கோட்டை ரோட்டில் அதை மறந்தவன் முழுசாக வீடு போய்ச் சேரமாட்டான். அங்கேயோ அதே லைட்டுக்கு 'நான் நிக்கிறேன், நீ வா' என்று அர்த்தமாம். இவருக்கு அது எப்படித் தெரியும்?

"நிப்பாட்டு பிள்ள! லைட் அடிக்கான், வாரான்!" என்று கத்திக்கொண்டே கையை நீட்டிவிட்டார். பயந்துபோய் அவள் பிரேக்கை மிதித்தாள். நாங்கள் அவனுக்காக நிற்கிறோம், அவன் எங்களுக்காக நிற்கிறான். அவன் மறுபடியும் லைட் அடித்தான். "பாத்தியா, திரும்ப அடிக்கான். அவசரக்காரன்" என்றார் இவர். லிபியா சிரித்துக்கொண்டே, ரோட்டைப் பார்த்தபடி, விஷயத்தை விளக்கினாள். இவர் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். கொஞ்ச தூரத்தில் இன்னொரு கார். லைட். "நிப்பாட்டு!" இந்தத் தடவை கையை நீட்டி ஸ்டியரிங்கையே தொட்டுவிட்டார்.

"இப்பதானப்பா சொன்னேன்!" அவள் குரல் உடைந்துவிட்டது. "நான் சொல்றத ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? போன்லயும் இதேதான். வாரம் பூரா ஞாயித்துக்கிழமைக்குக் காத்திருப்பேன். நீங்க ரெண்டு வார்த்த பேசிட்டு அம்மாகிட்டக் குடுத்துருவீங்க. அவ்வளோ கோவமா எம்மேல?"

அவளுக்குக் கண்ணில் நீர். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு, "ஆமாமா, நல்ல காத்து" என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் அவரை அப்படியே கடலில் தள்ளலாம் போல இருந்தது. லிபியா சிடியை நிறுத்தினாள். காருக்குள் சுத்தமாகச் சத்தமில்லை. அப்படியே ஓட்டிக்கொண்டு போனாள். நான் வாயைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

இவர் சும்மா இருக்கவில்லை. பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது என்று நினைத்து, மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே வந்தார். நடுநடுவே "ம்... ம்..." என்றார். பாட்டுப்பெட்டியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். தாத்தா ஏதோ தமாஷ் சொல்லியிருப்பார் என்று அவருக்கு ஒரு யூகம். "அப்படியா!" என்றுகூட ஒரு தடவை சொன்னார்.

லிபியா மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு பாட்டுப்பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

கடலோரமாக வண்டி நிறுத்த இடம் வந்ததும் நிறுத்தினாள். இவர் உற்சாகமாக இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து நின்றார். லாரி இல்லை, மிக்ஸி இல்லை, பக்கத்து வீட்டு டிவி இல்லை. அலைகூடச் சாதுவாகக் கிடந்தது. மனுஷர் ஒளிந்துகொள்ள அந்தத் தீவில் ஒரு சத்தமும் இல்லை. லிபியா அவருக்குப் பின்னால் போய் நின்று, "அப்பா" என்றாள். கொஞ்சம் உரக்க, "அப்பா" என்றாள். அப்புறம் கத்தினாள். தூரத்தில் ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. இவர் திரும்பவில்லை.

"எத்தன வருசமாம்மா?" என்று என்னிடம் கேட்டாள்.

"நீ போறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா. சொல்லக் கூடாதுன்னு வாய அடச்சி வெச்சிருந்தார்டி." அழுகையும் ஆத்திரமுமாக எனக்கு வந்தது.

அவள் சுற்றிவந்து அவர் முகத்துக்கு நேராக நின்றாள். நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். "அப்பா, எம்மேல கோவமா?"

இவர் வழக்கப்படி உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் கட்டிக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் செருப்பால் கூழாங்கல்லைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

"கோவமா? உம்மேலயா? நல்லா கேட்ட போ" என்றார். "போனக் காதோட ஒட்டி வெச்சா உன் சத்தம் கேக்கும் பிள்ள, வார்த்த கேக்காது. அங்க நீ அழுதுகிட்டு ஏதாவது சொல்லி, இங்க நான் பாட்டுக்கு ரொம்ப சந்தோசம்னு சொல்லிட்டேன்னா? அதான் சாப்டியான்னு மட்டும் கேட்டேன். அதுக்கு நீ என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிரலாம்லா."

லிபியா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

"என்னட்டி சொல்லுதா?" என்றார் என்னிடம்.

"நான் சொல்ல மாட்டேன். அவகிட்டயே கேளுங்க."

அவர் அவள் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "திரும்பச் சொல்லு."

"ஒரு தடவ சாப்பிடலன்னு சொன்னேம்பா" என்றாள். "வந்த புதுசுல. ஒரே பனி. எதுவும் எறங்கல. சாப்பிடலப்பா, வீட்டுக்கு வந்துரட்டுமான்னு கேட்டேன். நீங்க சரி சரி, நல்லதுன்னு சொல்லிட்டு அம்மாகிட்டக் குடுத்துட்டீங்க. நான் அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல."

உதட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவர் கடைசிவரை பார்த்தார். ஒரு வார்த்தையும் தவறவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தச் சேதி எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்கத் தெரியாத மனுஷர். விறுவிறுவென்று காருக்குப் போனார். காலையில் நான் கட்டியிருந்த தக்காளிச் சாத டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, ஸ்பூனைத் தேடி, கிடைக்காமல், அப்படியே கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

"சாப்பிடு" என்றார். "நான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

அவள் அழுதுகொண்டே கையால் அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாள். அவள் முடிக்கிறவரை இவர் எதிரிலேயே நின்றார், கண்ணை எடுக்கவில்லை.