தலைமாட்டுச் செங்கல்

போன வாரம் அரூரில் ஓர் அறைக்குக் குடிபோனேன். தரை ஒரு பக்கம் சரிவு. வீட்டுக்காரர் கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் செங்கல் வைத்து, "இப்ப மட்டமாயிருச்சு பாருங்க, ராசாவாட்டம் படுங்க" என்றார். படுத்துப் பார்த்தேன். ஈரச் செங்கல் வாசனை மூக்கில் ஏறியதும் ராஜா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தபோது, தருமபுரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் எனக்கு வேலை. 'மசாஜ் உதவியாள்' என்று எழுதியிருந்தார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன்; அதை எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். கட்டுப் பிரித்தவர்களின் விறைத்த முழங்காலை எண்ணெய் போட்டு நீவி, மடக்கி, நடக்க வைக்க வேண்டும். எண்ணெயைவிட என் வாய்தான் அதிகம் வேலை செய்தது. "ஏங்க மாமா, காலு உங்களுதா, எரவலா?" என்று சீண்டினால் உதைக்க வருவார்கள். உதைக்க வேண்டுமானால் முதலில் மடக்கத்தானே வேண்டும்?

சடையண்ணன் சித்தேரி மலைக்காரர். கடுக்காய் பறிக்க மரமேறி விழுந்து இடது தொடையெலும்பு முறிந்துபோய், கம்பளித் தூளியில் தூக்கி வரப்பட்டவர். கூடவே அவர் பெண்சாதி வெள்ளச்சி. அவர்கள் ஊருக்கு வண்டிப்பாதை கிடையாது. மலை ஏறக் கால் இல்லையென்றால் வீடும் இல்லை, சாமைக் காடும் இல்லை.

டாக்டர் அவர் காலில் கயிறு கட்டி, கப்பி வழியாக மணல்மூட்டையைத் தொங்கவிட்டார். கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினார். "எலும்பு சேர்ற வரைக்கும் இவர் பக்கம் உனக்கு வேலை இல்ல" என்றார். வேலை இல்லாத இடத்தில்தான் எனக்கு வேலை.

மறுநாளே வெள்ளச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏந் தம்பி, தலையத் தாழ்த்திக் காலை ஒசத்திப் படுக்க வெக்கறீங்களே, இது எந்த ஊரு வழக்கம்? மலையில எங்க படுத்தாலும் மேட்டுப்பக்கம்தாங்க தலை. ஒரு பொழுது மாத்திப் படுத்தாலே மண்டை கனக்கும்."

"அண்ணனுக்குக் கனக்க உள்ள ஏதாச்சும் இருக்கணுமே அக்கா!"

கட்டிலில் இருந்தபடியே சடையண்ணன் சிரித்தார். "எறங்கி வந்தன்னா உனக்கு மண்டை மட்டுந்தான் மிச்சம், ரெண்டு காலும் இருக்காது."

தூக்கமில்லாமல் அவர் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் புதுச் சமையற்கட்டு கட்டும் இடத்திலிருந்து ஈரச் செங்கல்கள் கொண்டுவந்து தலைமாட்டையும் உயர்த்தினேன். டாக்டர் வருமுன் எடுத்துவிடுவேன், போனதும் வைத்துவிடுவேன். சடையண்ணன் மெல்லக் கீழே சறுக்குவார். மணல்மூட்டை தரையில் உட்கார்ந்திருக்கும். "மூட்டைக்கும் அலுப்பு, உக்காந்துருச்சு" என்றுகூட நான் சொன்னேன். சொன்னவன் நான்தான்.

எலும்பு சேர்ந்ததும் கயிற்றைக் கழற்றி டாக்டர் இரண்டு கால்களையும் நாடாவால் அளந்தார். இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. மறுபடி அளந்தார். "எடை பத்தலையோ? என் கணக்குதான் தப்போ?" என்று தனக்குள் முணுமுணுத்தார். உடம்பின் பாரம் தலைப்பக்கம் இழுக்கவும் மணல் கால்பக்கம் இழுக்கவும்தான் அந்தச் சரிவு என்பது அப்போதுதான் என் மண்டைக்கு எட்டியது. தலைமாட்டை நான் உயர்த்தியதும் அந்த இழுப்பு நின்று, முறிந்த எலும்பு குறுகிச் சேர்ந்திருந்தது. வாயைத் திறந்தேன்.

வெள்ளச்சி முந்திக்கொண்டாள். "சாமி, இந்தத் தம்பிய நல்லா வெச்சிருங்க. தெனமும் செங்கல் குடுத்துத் தலையத் தூக்கி வெச்சுது. இல்லீன்னா இவரு உசுரோட இருக்க மாட்டாருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நீயே நடக்கப் பழக்கு. நீயே மலையேத்தி வீட்ல விட்டுட்டு வா" என்றார்.

செருப்புத் தைப்பவர் இடது செருப்பில் தோலை அடுக்கி உயர்த்திக் கொடுத்தார். அடிவாரத்தில் சடையண்ணன் அதைக் கழற்றி வெள்ளச்சியிடம் நீட்டினார். மலையில் செருப்புப் போட்டு அவருக்குப் பழக்கமில்லை. இடது பக்கம் மேடாக இருந்த பாதையில் அவர் கால்கள் சமமாகி, எனக்கு முன்னால் விறுவிறுவென்று போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாதை வளைந்து மேடு வலப்பக்கம் வந்ததும் ஒவ்வோர் எட்டுக்கும் இடுப்பு ஒடிந்து சாய்ந்தார். அடுத்த வளைவில் மறுபடி நிமிர்ந்தார். அழுவதா சிரிப்பதா என்றே தெரியாமல் பின்னால் ஏறினேன்.

வீட்டு வாசலில் நின்று, "அண்ணா, அந்தச் செங்கல்லாலதான் உங்க காலு..." என்று ஆரம்பித்தேன்.

"ஏறி வந்துட்டன் இல்ல? போடா, களி ஆறுது" என்றார். கேட்டாரா, கேட்கவில்லையா, இன்றுவரை தெரியாது.

அந்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். எலும்பு வார்டை மூடி, அதில் இப்போது மருந்துப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். நானும் அரூரில் ஒரு துணிக்கடை வேலைக்கு வந்துவிட்டேன். மூன்று வருஷம், சந்தைக்கு இறங்கும் மலைக்காரர் கையில் சடையண்ணன் கொடுத்தனுப்பும் ஒரு சுரைக்குடுவைத் தேன் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் வாங்கக் கை கூசும். இந்த வருஷம் வரவில்லை. விஷயம் புரிந்து கோபமா, இல்லை மரமேற அந்தக் கால் போதவில்லையா? சந்தை நாளில் மலைக்காரர்கள் கடையைத் தாண்டிப் போகிறார்கள். கூப்பிட்டுக் கேட்க வாய் வரமாட்டேன் என்கிறது.