குண்டானுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை

பினாங்கிலிருந்து வாப்பா வந்து இறங்கியபோது, பெட்டியைத் தூக்க ஆள் தேவைப்பட்டதைவிட வாப்பாவைத் தூக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. கப்பலிலேயே காய்ச்சல் கண்டுவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து ரயிலில் போட்டு, கடலூர் பழைய டவுனில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தவர் மாமா, உம்மாவின் தம்பி.

காய்ச்சல் போய்விட்டது, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மீன் ஆணம் கொதிக்கும் வாசனைக்கே குமட்டும். சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் மாமா கூட்டிப்போய் வந்தார்.

"மருந்து போதுமாம்க்கா. இனிமே வயித்துக்குள்ள ஏதாச்சும் போவணுமாம். போவலன்னா தன்கிட்ட கூட்டியாந்து பிரயோஜனமில்லேன்னுட்டாரு."

உம்மாவிடம் வாசலில் வைத்துத்தான் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுவிட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். கிணற்றுக்கயிறு அறுந்துவிடுமோ, கோழிக்குஞ்சைப் பருந்து தூக்கிவிடுமோ என்று சும்மாவே கவலைப்பட்டுக் கிடக்கிற பிள்ளை நான். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அதுவும் அதற்கப்புறம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம். வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் இப்போது வாப்பா என்ன சாப்பிட்டிருப்பார் என்றுதான் நினைப்பு. வாத்தியார் ஏதோ கணக்குக் கேட்டதற்குக் "கஞ்சி" என்று சொல்லி அடி வாங்கினேன்.

ஒருநாள் வாப்பாவே வாயைத் திறந்து, காயா கிடைத்தால் தின்னலாம் போலிருக்கிறது என்றார். பினாங்கில் ரொட்டியில் தடவித் தின்பார்களாம். முட்டை, தேங்காய்ப்பால், சீனி மூன்றையும் கலந்து கெட்டியாகிற வரைக்கும் கிண்டவேண்டுமாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் உம்மா கோழிக்கூட்டில் கையை விட்டிருந்தாள்.

வாணலியில் ஊற்றி அடுப்பில் வைத்ததும் முட்டை கட்டி கட்டியாகத் திரிந்துபோயிற்று. மாமா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார்.

"சீனி போட்ட முட்டைப் பொரியல். புதுசா இருக்குக்கா."

சொல்லிவிட்டு முழுவதையும் அவரே தின்றும் தீர்த்தார்.

"நெருப்பு படக்கூடாது. பெரிய சட்டியில தண்ணிய வச்சு, அதுக்குள்ள சின்ன சட்டிய எறக்கி, அந்தச் சூட்டுலயே கிண்டணும்" என்றார் வாப்பா.

அப்படி ஒரு பாத்திரம் எங்கள் வீட்டில் ஏது? அரிசி ஊறவைக்கிற அலுமினியக் குண்டானில் பாதிக்குத் தண்ணீர் வைத்து, அதற்குள் தூக்குச்சட்டியை இறக்கினாள் உம்மா. சட்டி மிதந்தது. கிண்டக் கிண்ட ஒருபக்கம் சாய்ந்து, குண்டானில் இடித்துக்கொண்டு டக டகவென்றது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நானா வற்றவிடுவேன்? உம்மா திரும்பும்போதெல்லாம் ஒரு குவளை ஊற்றினேன்.

"அடியே, காயாவ குளிப்பாட்டுறியா? சட்டி முழுவிடும் போல இருக்கு."

அடுப்பங்கரைக்கும் வாப்பா படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வந்தது.

"சட்டி இடிக்குது பாரு. அடியில துணிய மடிச்சுப் போடு, ஆடாது."

உம்மா துணியை மடித்துப் போட்டாள். டக டக நின்றது.

"பச்சத்தண்ணி ஊத்தாதம்மா. பக்கத்துல சுடுதண்ணி வச்சுக்க, அத ஊத்து" என்று எனக்கும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "தளதளங்குது, வெறக இழு. தண்ணி சும்மா நடுங்குனா போதும்."

மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏன் மச்சான், பினாங்குல ஜவுளிக்கடையில இருந்தீங்களா, சமையக்கட்டுல இருந்தீங்களா?"

அவர் சிரித்ததிலும் தப்பில்லை. எங்கள் வீட்டில் வாப்பா அடுப்பங்கரைப் படியை மிதித்து நான் பார்த்ததில்லை. தாகம் என்றால் கூடத்திலிருந்து ஒரு குரல், தண்ணீர் கைக்குப் போய்விடும். கடைக்கு மேலேயே எல்லாரும் தங்கல், ஆக்கிப்போட ஒரு சமையல்காரன் உண்டு என்றுதான் பினாங்கு வாசத்தைப் பற்றி அவர் எப்போதும் சொல்வார்.

உம்மாவின் கரண்டி நின்றுவிட்டது.

"கிண்டு, கிண்டு. நிறுத்துனா திரிஞ்சிடும்" என்று உள்ளேயிருந்து வந்தது.

உம்மா மறுபடியும் கிண்டினாள். கிண்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுக்கு ரெண்டு பேரு வேணும் போல இருக்கே?"

"ஆமா. ஒருத்தர் கிண்டணும், ஒருத்தர் தண்ணி ஊத்தணும்."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தண்ணி ஊத்துவேன்" என்றார் வாப்பா.

அப்போது கிண்டுவது யார் என்று உம்மா கேட்கவில்லை. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடையில் வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "நானும் அதான் வாப்பா செய்யறேன்" என்று கத்திச் சொன்னேன்.

காயா நன்றாகவே வந்தது, அரைத்த சந்தனம் மாதிரி. பன்னைப் பிட்டு, அதில் தடவி உம்மா கொண்டுபோய்க் கொடுத்தாள். வாப்பா தலையைக் குனிந்துகொண்டே தின்றார். ஒவ்வொரு வாயும் தொண்டையில் இறங்குகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லாம் இறங்கியது. தட்டு காலியாகிற வரைக்கும் உம்மா நிலைப்படியில் நின்றாள். "இன்னும் வைக்கட்டா?" என்று கேட்டாள், வைத்தாள். எதைச் செய்தாலும் கரண்டியில் ஒட்டியதை உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கிறவள், அன்றைக்குக் கரண்டியைக் கழுவாமல் அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அதன்பிறகு காயா தீரத் தீரக் கிண்டினோம். வாப்பா எழுந்து உட்கார்ந்தார், நடந்தார், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போய்வந்தார். உடம்பில் சதை பிடித்தது. சுவருக்கு அந்தப்பக்கமிருந்து மட்டும் ஒரு யோசனையும் வருவதில்லை.

ஒரு காலையில் அடுப்பு பற்றவைத்ததும் வழக்கம்போல் குவளையோடு போய் நின்றேன். உம்மா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க."

வாப்பா வந்தார். யார் வீட்டுக்கோ வந்தவர் மாதிரி அடுப்பங்கரை வாசலில் நின்றார்.

"உக்காருங்க. தண்ணி ஊத்துங்க."

அவர் கைலியை மடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். உம்மா கிண்ட ஆரம்பித்தாள். எப்போது ஊற்றவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. குண்டானின் ஓரமாகக் குவளையைச் சாய்த்து நூல் பிடித்த மாதிரி விட்டார். உம்மா சட்டியைப் பார்க்கவே இல்லை. கரண்டி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, கண் வாப்பாவின் கையில் இருந்தது.

என் வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைவிட வாப்பா நன்றாக ஊற்றுகிறார், அதனால்தான் என்னை நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். காயாவுக்குள் ஒரு சொட்டாவது சிந்தமாட்டாரா என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சிந்தினால் உம்மாவுக்குக் கோபம் வரும், வாப்பாவை எழுப்பிவிட்டு என்னைக் கூப்பிடுவாள். அவர் கடைசிவரை சிந்தவே இல்லை.